சில்வர் பெயிண்ட் பிடித்த டயர்

சிதம்பரத்தில் மாமா வீட்டுச் சந்தில் என்னைவிட இருபது வயது மூத்த மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அதை எனக்கே தருவதாக மாமா சொன்னார். நிபந்தனை ஒன்றுதான்.

"ஆயுத பூஜைக்குள்ள ரெண்டு சக்கரமும் உருளணும். இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

பத்து நாள் இருந்தது. பின்சக்கரம் உருண்டது. முன்சக்கரத்து டயர் மட்டும் கல்லாக இறுகி, காற்று நிற்காமல், ரிம்மைக் கவ்விக்கொண்டிருந்தது. நான் மெக்கானிக்கல் படித்தவன். எனவே சக்கரத்தைக் கழற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கடலூருக்குக் கொண்டுவந்தேன்.

"என்னா தம்பி, மிச்ச வண்டி பின்னாடி வருதா?" என்று பக்கத்து சீட்காரர் அக்கறையாக விசாரித்தார்.

வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் டயரைக் கழற்றினார். நான் சிரிக்காமல் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். அம்மாவின் பாத்திரம் விளக்கும் லிக்விடை முழுதாகக் கொட்டினேன். டயர்மேல் ஏறிக் குதித்தேன். லீவர் வளைந்தது, டயர் வளையவில்லை. சுத்தியலால் அடிக்கவும் பயம். அந்த ரிம் நசுங்கினால் வேறு கிடைக்காது. படிப்பு தந்த தன்னம்பிக்கையோடு ஆறாம் நாள் பஞ்சர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ரிம் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். வெள்ளி நிறத்தில் ஒரு தகடே பெயர்ந்து வந்தது.

"டயரோட சேத்து சில்வர் பெயிண்ட் அடிச்சிருக்காங்க தம்பி. ஒரு தடவ இல்ல, வருஷாவருஷம். இதுங்களப் பிரிக்க கோர்ட்டுக்குத்தான் போவணும். எந்த மேதாவி வேல இது?"

"எங்க மாமாதான்" என்றேன், யோசிக்காமல்.

அவர் பிளேடால் சுற்றிலும் பெயிண்டைக் கீறினார். தன் வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் ஊன்றி, வண்டியின் மொத்த பாரத்தையும் அதன்மேல் சாய்த்தார். டப்பென்று ஓரம் விட்டுக்கொடுத்தது. எதிர்ப்பக்கத்தை முழங்காலால் ரிம்மின் நடுக்குழிக்குள் அமுக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் லீவரைப் போட்டு நெம்பினார். கழன்றுவிட்டது. டீ ஆறுவதற்குள். ரிம்மில் ஒரு கீறல் இல்லை.

பூஜையன்று புது டயரோடு வண்டியைத் தள்ளினோம். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி பிழைத்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"ஏன் மாமா, டயரக் கழட்டாம யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

"பூஜ லீவுக்கு வந்து, நான்தான் அடிப்பேன்னு பிரஷ்ஷப் புடுங்கிட்டு ஓடுவியே, மறந்துட்டியா? எட்டாவது வரைக்கும் நீதான்டா அடிச்ச."

நான் வண்டிக்குப் போட்டிருந்த மாலையைச் சரிசெய்வதில் மும்முரமானேன்.

"பழைய டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்று மாமா பிரஷ்ஷை நீட்டினார். "பூஜையும் அதுவுமா ரிம்மு மொட்டையா இருக்குது பாரு. ஒரு கோட் குடு."

ஆர்.சி. புக் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. பிரஷ்ஷை வாங்கிக்கொண்டேன்.