மஞ்சள் விளக்கின் மேல் ஒரு துண்டு டேப்பு

லாரிக்காரர்கள் அவரை மீட்டரக்கா என்று கூப்பிடுவார்கள். ஒருநாள், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் கழுத்தில் தொங்குவதை மறந்து காய்கறிக் கடைக்குப் போனார். தராசைச் சோதிக்க வந்த அதிகாரி என்று நினைத்துக் கடைக்காரர் கூடுதலாக இரண்டு தக்காளி போட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

பட்டறை நெடுஞ்சாலை ஓரத்தில், டயர் கடையை ஒட்டி இருக்கிறது. இன்ஜின் வேலை கணவருடையது. வயரிங், சென்சார், ஸ்கேனர் எல்லாம் இவர் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பு மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர். பட்டறைக்கு வந்த புதிதில், ஸ்டார்ட் ஆகாத லாரி ஒன்றை ஆண்கள் வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டிவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். அதற்குப் பிறகு கணவர் அந்தப் பக்கம் கை வைப்பதில்லை. "கரண்ட்டும் இவளும் ஒண்ணுதான். தொட்டுட்டு அப்புறம் யோசிக்க முடியாது" என்பார்.

மீட்டரக்காவுக்கு ஒரு பெருமை இருந்தது. சொந்தம் பார்க்க மாட்டார். ஒரே தம்பி லாரி ஓட்டுநர்; அவன் வண்டியும் அவனுடைய முதலாளியின் மற்ற வண்டிகளும் இந்தப் பட்டறைக்குத்தான் வரும். தம்பி முதலில் வந்து நின்றாலும் அவன் வண்டியைக் கடைசியில்தான் பார்ப்பார். அக்கா தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது.

அந்தத் தம்பியின் வண்டியில்தான் விளக்கு வந்தது. மீட்டர் பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. வரும், போகும், எப்போது என்று சொல்ல முடியாது.

"லோடோட மேட்டுல ஏத்தினா வருதுக்கா. வந்த உடனே வண்டி மூச்சு வாங்குது. மிதிச்சாலும் நகர மாட்டேங்குது" என்றான் தம்பி.

வண்டி பட்டறைக்கு வரும்போதெல்லாம் காலியாகத்தான் வரும். லோடு ஏற்றிய லாரியை யாரும் பட்டறையில் நிறுத்தி வைப்பதில்லை. சரக்கு போய்ச் சேர வேண்டும். காலி வண்டியை மீட்டரக்கா முற்றத்தில் முறுக்கிப் பார்த்தார், வயர்களைத் தட்டிப் பார்த்தார். விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்ததும் பல்வலி போய்விடுகிற கதைதான். வண்டிக்கும் உன்னைக் கண்டால் பயம் போல என்று கணவர் சிரித்தார்.

வண்டியில் மாட்டினால் ஸ்கேனர் இரண்டு விஷயம் சொல்லும். என்ன பழுது என்பதற்கு ஓர் எண். அந்த நொடியில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு ஒரு பக்கம். மீட்டரக்கா எண்ணை மட்டும் பார்ப்பார், அழித்துவிடுவார்; கூடவே அந்தப் பக்கமும் அழிந்துவிடும். விளக்கு அணைந்தால் ஓட்டுநருக்கு நிம்மதி, வரிசையும் நகரும். எண் டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரைக் காட்டியது. சென்சாரை மாற்றினார். விளக்கு மறுபடி வந்தது. மறுபடி அழித்தார். ஒருமுறை தன்னோடு மேட்டுக்கு வரச் சொல்லித் தம்பி கெஞ்சினான். வரிசையில் நிற்கிற வண்டிகளைக் காட்டி, உனக்கு மட்டும் தனிக் கவனிப்பா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

பிறகு ஒருநாள் லோடோடு வண்டி மேட்டில் நின்றுவிட்டது. சரக்கு தாமதம். முதலாளியே தம்பியோடு பட்டறைக்கு வந்துவிட்டார்.

"வண்டியில கோளாறா, ஆள்ல கோளாறாம்மா?"

இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மீட்டரக்காவின் வாயில் எளிதில் வராது. "வண்டியில ஒண்ணும் இல்ல முதலாளி. யாராவது வயரைப் பிடிச்சு ஆட்டினாத்தான் இப்படி வரும்" என்றார்.

எங்கோ பிடிப்பு தளர்ந்திருக்கலாம் என்பதுதான் அவர் நினைத்தது. முதலாளி திரும்பித் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் மீட்டரக்காவுக்கு அப்போதே புரிந்தது. மேட்டு வழிக்குப் போகப் பிடிக்காமல் ஆளே வயரை ஆட்டுகிறான். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம் போதும். தம்பிக்குப் பரிந்து பேசுவதுபோல் ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார். தம்பி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துவிட்டு, சாவியை முதலாளி கையில் கொடுத்தான்.

வண்டி வேறொரு ஓட்டுநருக்குப் போனது. மீசையை முறுக்கிக்கொண்டே இருப்பதால் முறுக்கு மீசை என்று பெயர். வயரை ஆட்டுகிறவன் என்ற பேச்சு லாரி நிறுத்தமெங்கும் பரவியதால் வேறு யாரும் தம்பிக்கு வண்டி தரவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். ஸ்டியரிங் பிடித்தே தேய்ந்த முதுகு. மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. ஒரே தெருவில் வீடு. மீட்டரக்கா குழம்பு எடுத்துக்கொண்டு போனார். தம்பி மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "வேலையைப் பறிச்ச கையாலயே சோறும் போடுறீங்களா அண்ணி?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. பாத்திரத்தைக் கழுவியே திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் "நெல்லைக் கொட்டினா..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றார் மீட்டரக்கா.

மழைக்காலம் தொடங்கியபோது முறுக்கு மீசை ஹாரன் வேலை செய்யவில்லை என்று வந்தார். வண்டி நிறைய சிமெண்டு மூட்டை. சீக்கிரம் போக வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். மீட்டரக்கா கேபினில் ஏறினார். மீட்டர் பலகையில், சரியாக அந்த இடத்தில், கறுப்பு டேப்பு ஒரு துண்டு. நகத்தால் உரித்தார்.

உள்ளே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"வண்டி கைக்கு வந்ததுலேருந்தே. மேட்டுல ஏறினா வரும், கொஞ்ச நேரத்துல போயிடும். இப்பவும் மேடு ஏறித்தான் வர்றேன். நான் மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"ஏன் சொல்லல?"

முறுக்கு மீசை மீசையிலிருந்து கையை எடுத்தார். "சொன்னவன் மூட்டை தூக்குறான். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குக்கா."

மீட்டரக்கா ஸ்கேனரை மாட்டினார். இந்த முறை அழிக்கவில்லை. இத்தனை நாளும் திறக்காத அந்தப் பக்கத்தைத் திறந்தார். குறைந்த வேகம். கனமான சுமை. முழுக்க மிதித்த ஆக்சிலேட்டர். தம்பி வாயால் சொன்னது அப்படியே எழுத்தாக இருந்தது. இதே பக்கத்தை ஒவ்வொரு முறையும் தன் விரலாலேயே அழித்திருக்கிறார்.

"மேட்டுக்கு விடுங்க" என்றார். சரக்கு என்று முறுக்கு மீசை இழுத்தார். சரக்கு நனையாது, நான் பதில் சொல்கிறேன் என்று சொல்லி மல்டிமீட்டரைச் சென்சார் வயரில் மாட்டி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பாதி மேட்டில் மீட்டரின் எண் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. விளக்கு வந்தது. வண்டி இரைத்தது.

திரும்பி வந்ததும் கணவர் அடியில் படுத்துப் பார்த்தார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் நைந்துபோயிருந்தது. சுமையோடு ஏறும்போது இன்ஜின் ஒருபக்கமாகச் சாய்கிறது. சாயும்போது தளர்ச்சியே இல்லாமல் கட்டியிருந்த வயரை இழுக்கிறது. மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருந்தது. இழுத்தால் பிரியும், விட்டால் ஒட்டும். மீட்டரக்கா முதலில் பார்த்தது வயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை. அவர் கட்டினால் வால் உள்பக்கம் இருக்கும். இது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரோ கட்டியது. அப்பாடா என்று வந்தது. வந்த வேகத்திலேயே அந்த அப்பாடாவை நினைத்து முகம் சுட்டது.

அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். டேப்பைப் பற்றிச் சொல்லவில்லை. இன்னொருவன் பிழைப்பிலும் வாய் வைக்க வேண்டாம். என் தம்பி சொன்னது உண்மை, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றார். முதலாளி வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனை வண்டியிலேருந்து நானா எடுக்கலியேம்மா. உங்க பேச்சை நம்பித்தான் எடுத்தேன்."

"ஆமா" என்றார் மீட்டரக்கா.

திங்கட்கிழமை தம்பியை வரச் சொன்னார் முதலாளி. முறுக்கு மீசைக்கு வேறு வண்டி.

கிடங்கில் தம்பி மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. மீட்டரக்கா வயரை நீட்டினார். அவன் அதை வளைத்துப் பார்த்தான்.

"ஆட்டினது யாருன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"மேடுதான்டா."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"அன்னைக்கு நான் வாயைத் திறந்திருந்தா, தம்பிக்காகப் பேசுறாளேன்னு சொல்லிடுவாங்கன்னு..." என்றார்.

"சொல்லட்டுமே" என்றான். "நான் உன் தம்பிதானே."

டீ கிளாஸை வைத்துவிட்டு அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான். திங்கட்கிழமை வருவதாக முதலாளியிடம் சொல்லச் சொன்னான்.

வந்தான். மேட்டு வழியில்தான் ஓட்டுகிறான். பட்டறைக்கும் வருகிறான்; மச்சானோடு பழையபடி கேலி பேசுகிறான். விளக்கு வருகிறதா என்று மீட்டரக்கா கேட்டால் வரவில்லை என்கிறான். வந்தால் சொல்வானா என்பது அவருக்குத் தெரியவில்லை. அவன் கை கழுவப் போகும் நேரம் பார்த்து, கேபினில் ஏறி அந்த இடத்தை விரலால் தடவுவார். புதிதாக டேப்பு ஒட்டிய பிசுக்கு இருக்கிறதா என்று.

ஒருமுறை சத்தமில்லாமல் வந்து கதவருகே நின்றுவிட்டான். முறுக்கு மீசை டேப்பு ஒட்டிய கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"எனக்கு டேப்பு ஒட்டத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு இந்த வண்டியை விட்டு இறங்கியிருக்கவே மாட்டேன்."

மீட்டரக்கா இறங்குவதற்கு அவன்தான் கை கொடுத்தான். ஈரக் கை. மூட்டைக் காய்ப்பு இன்னும் போகவில்லை.