முகர்ந்து பார்த்தவள்

சொனோரா பாலைவனத்தை ஒட்டிய எங்கள் ஊர்ச் சந்தையில் கோதுமை ரொட்டி சுட்டு விற்கும் ஒப்துலியாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவளின் மகன் எவரிஸ்டோ, தண்ணீர் லாரி ஓட்டப் போனவன், ஒருநாள் வீடு திரும்பவில்லை. தேட வேண்டியவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அவள் நிக்கோலாசாவின் கூட்டத்தில் சேர்ந்தாள். எல்லோரும் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்கள். சனிக்கிழமைதோறும் மண்வெட்டியும் இரும்புக் கம்பியுமாகப் பாலைவனத்துக்குப் போவார்கள். மண் பொதபொதவென்று இருக்கும் இடத்தில் கம்பியைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, உருவி, முனையை முகர்ந்து பார்ப்பார்கள். அடியில் உடல் இருந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இவர்களைப் பைத்தியங்கள் என்று சொன்ன மகராசன்களும் எங்கள் ஊரில் உண்டு. அவர்கள் வாயில் மண் விழ!

சம்மட்டி அடிப்பதில் ஒப்துலியாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கம்பி வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்கோலாசாவிடம் நீட்டிவிடுவாள்.

"குடுடி இங்க, பயந்தாங்கொள்ளி. உன் மூக்கு என்ன, ரொட்டி வாசம் பிடிக்க மட்டுந்தானா?" என்று நிக்கோலாசா கிண்டல் செய்வாள். முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் இல்லடி" என்பாள். இருந்தால் மண்டியிட்டுச் சிலுவைக்குறி போடுவாள். அப்படி அவள் கண்டெடுத்துக் கொடுத்த பிள்ளைகள் பலர். அவளுடைய சொந்த மகன் சவுல் மட்டும் அகப்படவில்லை.

ஒப்துலியாவுக்கு மகன்மேல் பாசம் இல்லையா? உயிரையே வைத்திருந்தாள். தோழிமேலும் கொள்ளைப் பிரியம். இரண்டும் இருந்தும் அந்தக் கம்பியை மூக்கருகே கொண்டுபோகக் கை வரவில்லை. முகராதவரை மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் காய்ந்த ஓடையைத் தாண்டித் தனியே தள்ளிப் போயிருந்தார்கள். ஒப்துலியா அடித்தாள், உருவினாள், வழக்கம்போல நீட்டினாள். நிக்கோலாசா கம்பியை வாங்கவில்லை.

"இங்க ஒண்ணும் இல்ல. கெளம்பு."

"மோந்தே பாக்கலியேடி?"

"வெயில் ஏறுது. கெளம்புன்னா கெளம்பேன்."

கிளம்பச் சொன்னவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவளுடைய வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒப்துலியா அதைப் பார்த்துவிட்டாள்.

"காலை எடு, நிக்கோலாசா."

"வேணாண்டி. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன்."

ஒப்துலியா குனிந்து அந்தக் காலை மெல்ல நகர்த்தினாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பேஸ்பால் தொப்பியின் விளிம்பு தெரிந்தது. அதில் மஞ்சள் நூலில் கைத்தையல். சவுலின் கிழிந்த தொப்பியைத் தானே தைத்துக் கொடுத்ததாகவும், காணாமல் போன அன்று அவன் அதைத்தான் போட்டிருந்தான் என்றும் நிக்கோலாசா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"வெறும் தொப்பிதானே? காத்துல பறந்து வந்திருக்கும்." ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள் ஒப்துலியாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, போயிரலாம். யாருக்கும் தெரிய வேணாம்."

ஒப்துலியா தொப்பியின் விளிம்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். போய்விட்டால் தோழிக்கு மகன் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடிருப்பான். அவனோ பேரில்லாமல், கல்லறையில்லாமல் இங்கேயே கிடப்பான். கம்பி முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது.

"இருக்கான்டி," என்றாள்.

நிக்கோலாசா போட்ட அலறலில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். "உன்ன யாருடி மோந்து பாக்கச் சொன்னா, பாவி!" என்று தோழியின் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"அடி. எவ்வளவு வேணா அடி," என்றாள் ஒப்துலியா. "ஊரார் புள்ளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பி வெச்சவ நீ. உன் புள்ளைய மட்டும் இங்க விட்டுட்டு வர நான் விடமாட்டேன்." சொல்லிக்கொண்டே வெறுங்கையால் மண்ணை அள்ளினாள்.

சோதித்து, சவுல்தான் என்று உறுதியான பிறகு, அவனை அவன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இனி நிக்கோலாசா வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்து நின்றாள்.

"உன் பையன்தான் கெடச்சுட்டானே. வீட்ல கெடந்து அழாம எதுக்குடி வந்தே?" என்றாள் ஒப்துலியா.

"உன் பையன் கெடைக்கலியே."

அன்று சம்மட்டி அடித்தது நிக்கோலாசா. ஒப்துலியா கம்பியை உருவினாள், யாரிடமும் நீட்டவில்லை. நாற்றம் வந்துவிட வேண்டும் என்றும் வரவே கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டு, முகர்ந்தாள்.