ஓரத்தில் வைத்த பொட்டு

எண்பதுகளில் செஞ்சி பஜாருக்குப் பின்னால் டிங்கர் பட்டறை வைத்திருந்தேன். புதுச்சேரி டாக்டர் ஒருவர் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து, துருப்பிடித்த மட்கார்டுகளைத் தகரத்தில் புதிதாகச் செய்யச் சொன்னார். வலது பக்கம் அம்சமாக வளைந்தது. இடது பக்கத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்குப் போகும் அவசரத்தில், அதைத் தட்டி எடுக்காமல் பட்டி பூசி நிரப்பிவிட்டேன்.

டாக்டர் வண்டி எடுக்க வந்த காலையில், பெயிண்டுக்கு மேலே அந்த இடம் கீறல் விட்டிருந்தது. பதறிப்போய், கோயிலில் கொடுத்த குங்குமத்தைச் சந்தனத்தோடு அதன் மேல் அப்பினேன்.

பெயிண்ட் அடித்த பாய் பார்த்துவிட்டார். "இன்னா மேஸ்திரி, பொட்ட நடுவுல தான வெப்பே? இன்னிக்கி ஓரமா போயிடுச்சு."

அப்போதுதான் உள்ளே வந்த டாக்டர் சிரித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பொட்டைக் கும்பிட்டார். எனக்கு நிலைகொள்ளவில்லை. வண்டியை மூன்று முறை சுற்றி வந்தேன். அவர் உட்கார்ந்து சாவியைத் திருகியதும் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதீங்க சார். பொட்டுக்கு அடியில வெடிப்பு இருக்குது. நான்தான் மறைச்சேன்."

அவர் கோபப்படவில்லை. "சாமி பொட்டு, நான் தொடமாட்டேன். வெச்ச கையாலயே எடுங்க" என்றார்.

துடைத்தேன். பட்டியைச் சுரண்டிவிட்டுத் தகரத்தை மறுபடி தட்டினேன்.

இன்றும் நெற்றியில் குங்குமம் வைக்கும்போது, அடியில் என்ன இருக்கிறது என்று அங்காளம்மன் கேட்பது போலிருக்கும். கை சற்று நின்றுதான் போகும்.