சிலந்திக்குக் குடில் கட்டிய மண்டோர்

சிலந்திக்கு வீடு கட்டப் போவதாகப் புருஷன் மரியஜோசப் சொன்னபோது பியாட்ரிஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லகாட் ஊர்ப் பக்கத்திலிருந்த குளத்துத் தோட்டத்தைக் கம்பெனி வீடு கட்டி விற்பவனிடம் கொடுத்து, ஆட்களை வெளியே அனுப்பி ஒரு வருஷம் ஆகிறது. அங்கே மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்த மனுஷன், இப்போது ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. எதையாவது கட்டித் தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிலந்தி என்றால் மூலையில் வலை கட்டும் சின்னப் பூச்சி இல்லை. உள்ளங்கை அகலம், கன்னங்கறுப்பு, கால் முழுக்க மயிர். தோட்டத்து இடுகாட்டு மேட்டைப் புல்டோசர் தள்ளியபோது மண்ணோடு மண்ணாகச் சரிந்து வந்தது. வேடிக்கை பார்க்கப் போயிருந்தவர் பிஸ்கட் டின்னில் பிடித்து வந்துவிட்டார். இடுகாட்டை இடிப்பதில் என்ன வேடிக்கை என்று அவள் கேட்டாள்.

"பாவம் லா, அதுக்கும் வீடு போச்சு" என்றார், டின்னைப் பார்த்து.

பாவம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே பியாட்ரிஸுக்கு ஆச்சரியம். அதைவிட, அவர் கையில் மாட்டியிருந்த மஞ்சள் ரப்பர் கையுறைதான் அவள் வயிற்றை எரித்தது. அந்தக் கையுறைகள் தோட்டத்து ஸ்டோரில் கட்டுக்கட்டாக இருந்தவை. வெளியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் களை கொல்லும் புல்லுமருந்து அடிக்கும் பெண்களுக்குக் கிடைக்கும். அவர்கள் கார் ஏறியதும் மண்டோர் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார். தோட்டம் மூடியபோது ஒரு பொட்டலம் அவர் பெட்டியோடு வந்துவிட்டது.

மருந்தடிக்கும் கும்பலில் பியாட்ரிஸும் இருந்தாள். அவளை அதில் போட்டதே அவர்தான். முதுகில் தொங்கும் டாங்கி ஒழுகி ரவிக்கை நனைகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது என்று பெண்கள் முறையிட்டால், "என் பொண்டாட்டியே தூக்குறா, ஒங்களுக்கு என்னா வந்துச்சு? ஒண்ணும் ஆவாது லா, வெறும் தண்ணி மாரிதான்" என்று வாயை அடைத்துவிடுவார். கட்டினவளைக் காட்டி ஊரை ஏய்த்த கெட்டிக்காரர். அவளுக்கு விரல் நகங்கள் மஞ்சளாகி விழுந்தன. திரும்ப முளைத்தவை கோணல்மாணலாக வந்தன. பக்கத்து மர நிரையில் மருந்தடித்த ராக்காயிக்கு நெஞ்சு போயிற்று. இருமி இருமியே செத்தாள். தோட்டத்து இடுகாட்டில் அவள் குழியில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, "அவளுக்கு மொதல்லேர்ந்தே நெஞ்சு சரியில்ல" என்றார் மரியஜோசப், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

அன்றிலிருந்து பியாட்ரிஸுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது விஷம் என்று அந்த மனுஷன் ஒருமுறை வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் போன நெஞ்சும் நகமும் வராது. இருந்தாலும் சொல்ல வேண்டும்.

சிலந்தி வீட்டுக்கு வருவோம். பழைய மீன்தொட்டி ஒன்று கிடைத்தது. மரியஜோசப்புக்குக் கட்டத் தெரிந்த வீடு ஒன்றுதான், கிறிஸ்துமஸ் குடில். வருஷா வருஷம் மாதா கோயிலில் குடில் வைத்தவர் அவர். ஆகவே காகிதத்தைக் கசக்கி, பழுப்புச் சாயம் பூசி, பாறை செய்தார். பாசி ஒட்டினார். கண்ணாடித் துண்டு வைத்துக் குளம் ஆக்கினார். மேலே சிவப்பும் பச்சையுமாக பல்பு தொங்கவிட்டார். மாட்டுக் கொட்டில் ஒன்றுதான் பாக்கி. இதைப் பார்த்துப் பியாட்ரிஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மூணு ராசாவையும் கொண்டாந்து வைங்க. சாமி கும்பிட்டுட்டுப் போவட்டும்."

அவர் சிரிக்கவில்லை. சிலந்திக்கும் அந்த அலங்காரம் பிடிக்கவில்லை. வெளிச்சத்துக்கு அஞ்சி ஒரு மூலையில் காலை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. போட்ட வெட்டுக்கிளியைத் தொடவில்லை. நாளுக்கு நாள் வயிறு சுருங்கியது. அவருக்கும் சோறு இறங்கவில்லை. தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தனக்கு மூக்கில் ரத்தம் வந்தபோது இப்படி ஒரு நாள் உட்கார்ந்தாரா என்று பியாட்ரிஸ் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது.

கடைசியில் அவருக்கே புத்தி வந்தது. அது மண்ணுக்குள் குழி பறித்து வாழ்கிற ஜீவன். இருட்டு வேண்டும், ஈரம் வேண்டும், ஆழமான மண் வேண்டும். பாறை, குளம், பல்பு எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார்.

மண்ணுக்கு வழி சொன்னான் அடுத்த வீட்டுச் சின்னையா. தோட்டத்துப் பழைய மர நிரைகளில் மண் அள்ளுகிற லோரியை ஓட்டுகிறவன். கேட்காமலே ஒரு சாக்கு நிறையச் செம்மண் கொண்டுவந்து வாசலில் இறக்கினான்.

"அண்ணே, நம்ம தீம்பார் மண்ணு, தோட்டத்து மண்ணு. பொறந்த எடத்து மண்ணுன்னா சிலந்திக்கு சொகமா இருக்கும் லா."

மரியஜோசப் சாக்கின் வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். உடனே கையை உதறினார்.

"வேணாம் சின்னையா. இது ஆவாது."

"ஏண்ணே? நல்ல மண்ணுதானே?"

"வருசக்கணக்கா மருந்தடிச்ச மண்ணுடா. வெசம் ஊறிக் கெடக்கு. பூச்சி செத்துப் போயிரும்."

பியாட்ரிஸ் கதவடியில் நின்றிருந்தாள். சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் அவள் காத்திருந்த வார்த்தை சிலந்திக்காக, சின்னையாவிடம், சாதாரணமாக வந்து விழுந்தது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்ததென்னவோ அழுகை.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னீங்களே" என்றாள். "தண்ணி மாரிதான்னு சொன்னீங்களே. எட்டுக்கால் பூச்சிக்கு ஆவாதது எங்களுக்கு மட்டும் எப்படிங்க ஆச்சு?"

சின்னையா சாக்கைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டான். மரியஜோசப் தரையைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் அவர் சைக்கிளில் போய் ஆற்றங்கரையிலிருந்து மண் கொண்டுவந்தார். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, தொட்டியில் போட்டு அமுக்க ஆரம்பித்தார். பியாட்ரிஸும் வந்து உட்கார்ந்து அமுக்கினாள். சிலந்தி அவளுக்கு என்ன கெடுதல் செய்தது? கோணல் நகத்தோடு அவள் விரல்கள் மண்ணுக்குள் போய் வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்த மரியஜோசப் தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இத மாட்டிக்க."

பியாட்ரிஸ் அந்த மஞ்சள் கையுறைகளையும் அவரையும் பார்த்தாள்.

"இப்பவா?"

"தப்புதான் புள்ள" என்றார். "வெசம்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லி என்னா செய்ய? ராக்காயிகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"எங்க போய்ச் சொல்றது? குழி இருந்த எடமே இல்ல. அன்னிக்கு அதுக்குத்தான் போனேன். அதுக்குள்ள மேட்டத் தள்ளிட்டானுங்க."

பியாட்ரிஸ் கையுறையை வாங்கவில்லை. மண்ணில் விரலால் ஒரு குழி போட்டுவிட்டு எழுந்து போனாள். தொட்டியின் மேல் அவர் கம்பி வலையைக் கட்டி, சாக்கால் மூடினார்.

இரண்டு நாளில் சிலந்தி அந்தக் குழியை ஆழமாகப் பறித்து உள்ளே போய்விட்டது. வெட்டுக்கிளியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. காலையில் பியாட்ரிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, மரியஜோசப் சாக்கை விலக்கி, தொட்டிமேல் குனிந்து குழியின் வாய்க்கு நேராக மெதுவாக ஏதோ பேசுவது கேட்டது. நடுவில் ராக்காயி என்ற பெயர் காதில் விழுந்தது. அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்று கேட்டாள்.