அத்தானின் நல்ல மனசும் என் ஈட்டியும்

என் அத்தான் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெருங்களத்தூரில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, "இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கா இப்படிப் பண்ணினாய்?" என்று என்னைத்தான் பிடிபிடியென்று பிடிப்பார்கள். கல்யாண வாழ்க்கை போதும் என்று இரண்டு பெட்டியோடு நான் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டிகளை உள்ளே தூக்கி வைத்தவர் அவர்தான். தன்னுடைய ஆபீஸ் ரூமில் எனக்கு மடக்குக் கட்டில் போட்டுக்கொடுத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், நான் நினைக்கிறேன். ஆனால் நன்றி வேறு, பழி வேறு. என் நெஞ்சில் இரண்டுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவருக்குக் கேட்காமல் நல்லது செய்வார். வந்த முதல் மாதமே என்னுடைய பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் காணாமல் போனது. அந்த இடத்தில் கரண்டில் சூடாகும் மூன்றடுக்கு டப்பா ஒன்று உட்கார்ந்திருந்தது. தாம்பரத்தில் நான் பிசிக்ஸ் எடுக்கும் பள்ளிக்கூடத்தின் ஸ்டாஃப் ரூமில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் டீ கெட்டில் பரம்பரைச் சொத்து மாதிரி மாட்டியிருக்கும். ஆக, அன்றுமுதல் மூன்றடுக்கிலும் ஆறிய சோறு. அடுத்து என் செருப்பு போனது; அதைவிட உயர்ந்த, அதைவிடக் கடிக்கிற செருப்பு வந்தது. அடுத்து போன். ஒவ்வொரு முறையும் "உன் நல்லதுக்குத்தான்மா" என்பார். நானும் "தேங்க்ஸ் அத்தான்" என்பேன். ஒண்ட வந்தவளுக்கு வேறு வசனம் கிடையாது.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஹாலில் டிவியோடு இணைத்த கேம் கன்சோல் இருந்தது. அதில் அத்தான் ஆடுகிற வாள்சண்டை விளையாட்டு ஒன்று. பாழடைந்த ராஜ்யம், கோட்டை, சதுப்பு நிலம், வழியெல்லாம் பூதங்கள். நாம் ஓர் ஆளை உருவாக்கி, சண்டை போட்டு, ஆயுதத்தை மெருகேற்றிக்கொண்டே போக வேண்டும். ஆட்டத்தைச் சேமித்து வைக்க நாலு வரிசைகள். முதலாவது அத்தானுடையது, இரண்டாவது ஞாயிறுதோறும் சாப்பிட வரும் அவர் தம்பியுடையது. மூன்றாவதை எனக்குக் கொடுத்தார்கள். ஸ்கூல் விட்டு ரயில் பிடித்து நாலரைக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். நாவலூர் ஆபீசிலிருந்து அத்தான் வர ஏழு தாண்டும். நடுவில் உள்ள அந்த இரண்டரை மணி நேரம் நான் யாருக்கும் தங்கச்சி இல்லை, யாருக்கும் பாரம் இல்லை. பழுப்புப் போர்வை போர்த்தி, கையில் ஈட்டி பிடித்த ஒரு பெண்.

அந்த ஈட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே கிடைக்கிற சாதாரண ஈட்டி அது. கோட்டையில் இருக்கும் கொல்லனிடம் கல் கொடுத்தால் ஒவ்வொரு படியாகக் கூர் ஏற்றித் தருவான். ஒன்பது படிவரை சாதாரணக் கல் போதும். தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும். பத்தாவது படிக்கு ஐந்து கருங்கல் வேண்டும். அது ஒரு சுற்று ஆட்டத்தில் மொத்தமே ஐந்துதான். பளபளவென்று புதிதாக ஒன்று கையில் கிடைத்ததும் இருப்பதையெல்லாம் கொட்டி மெருகேற்றிவிட்டு, அடுத்த கோட்டையில் அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பார்த்து வயிறெரிகிறவர்கள்தான் அதிகம். நான் அப்படி இல்லை. ஓர் ஆயுதத்தை நூறு தடவை வீசிப் பார்த்து, அதன் எடை என் ஆளின் தோளுக்குப் பழகிய பிறகுதான் கொல்லனிடம் போவேன். இரண்டரை மாதச் சாயங்காலங்களில் ஐந்து கருங்கல்லையும் சேர்த்து வைத்திருந்தேன். தொடவில்லை. எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பதே ஒரு சுகமாக இருந்தது.

அத்தானுக்குப் புதன்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. அப்படி ஒரு புதனன்று நான் உள்ளே நுழைந்தபோது அவரும், அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்த அவர் தம்பியும் டிவி முன்னால் காத்திருந்தார்கள். அத்தான் முகமெல்லாம் பல்.

"டீச்சரம்மா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ்! எத்தனை நாளைக்குத்தான் அந்தக் குச்சிய வெச்சிக்கிட்டுக் குத்திக்கிட்டு இருப்ப?"

திரையில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் அவளைவிடப் பெரிய வாள். நாற்பது பலம் உள்ளவன் தூக்க வேண்டிய வாள். அவளுக்கு இருந்தது பதினாறு. அத்தான் பொத்தானை அமுக்கினார். அவள் வாளைத் தூக்கப் பார்த்து, தள்ளாடி, பின்பக்கமாகச் சரிந்தாள். "அக்கா, உங்க ஆளு ஒட்டடைக் கம்பு தூக்குற மாதிரியே தூக்குது!" என்று என்னைப் பார்த்துத் தம்பி உருண்டு உருண்டு சிரித்தான். கிச்சன் வாசலில் நின்று அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஈட்டி எங்க அத்தான்?"

"அத உருக்கித்தானேம்மா பாதிச் சாமானே வந்துச்சு. அந்தக் கருங்கல்லு அஞ்சையும் போட்டு ஃபுல்லா ஏத்திட்டேன். சும்மாவே வெச்சிருந்தியே. உன் நல்லதுக்குத்தான்."

அந்த விளையாட்டில் வரும் கொல்லன், பொம்மைக் கொல்லன், அவன்கூட எதையும் உருக்குவதற்கு முன்னால் இரண்டு தடவை "நிச்சயமா?" என்று கேட்பான். அத்தான் இரண்டு தடவையும் என் சார்பில் ஆமாம் போட்டிருக்கிறார். 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்பது தொண்டைவரை வந்தது. சொன்னால் "அட, விளையாட்டுதானேம்மா" என்பார்; தம்பி மறுபடியும் சிரிப்பான். விழுங்கிவிட்டு "தேங்க்ஸ் அத்தான்" என்றேன். இவரை இதே ஹாலில், இதே இரண்டு பேர் முன்னால், இதே மாதிரி தள்ளாட வைக்காமல் விடுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். அதுவும் அந்தச் சாதாரண ஈட்டியாலேயே.

அடுத்த புதன் சாம்பல் புதன். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம்: நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும், தவக்காலம் நாற்பது நாளும் எதை விடப்போகிறோம் என்று ஆளாளுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். அக்கா சீரியல் என்றாள். நான் டீ என்றேன். அத்தான் கறி என்றார், ஒவ்வொரு வருஷமும் சொல்கிற மாதிரி.

"கறியெல்லாம் உங்களுக்கு ஒரு பெரிய விஷயமா அத்தான்?" என்று நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். "உங்களால நிஜமாவே விட முடியாதது ஒண்ணு ஹால்ல இருக்கே. பாவம், அதெல்லாம் முடியாது, விடுங்க."

முடியாது என்ற சொல் அவருக்கு ஆகாது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் முடியாது? கேமையும் விட்டேன். ஈஸ்டர் வரைக்கும் கன்ட்ரோலரைத் தொட மாட்டேன், போதுமா?" அக்கா அவரைப் பெருமையாகப் பார்த்தாள். "அப்போ ஈஸ்டர் சாப்பாடு முடிஞ்சதும் நம்ம ரெண்டு பேரும் ஒரு சண்டை போடலாம் அத்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒரு மனிதரின் பக்தியையே அவருக்குக் கண்ணியாக வைப்பது பாவம்தான். தெரிந்தேதான் வைத்தேன்.

நாற்பது நாள். டீ இல்லாமல் முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. அந்தக் கோபத்தையும் ஈட்டிக்கே கொடுத்தேன். கடைக்காரனிடம் அதே சாதாரண ஈட்டியைத் திரும்ப வாங்கி, சதுப்பு நிலத்தில் தவளை மூஞ்சிப் பூதங்களைத் தினமும் கொன்று, கல் கல்லாகச் சேர்த்து ஒன்பதாம் படிவரை ஏற்றினேன். கருங்கல் இல்லை, பத்தாம் படி கிடையாது. அது போகட்டும். மிச்சக் கல்லையெல்லாம் வேறு எதில் போடுவது என்பதில்தான் என் மூளையைச் செலவழித்தேன். அத்தான் ஆடுவதை ஞாயிறுதோறும் பார்த்தவள் நான். அவருடைய ராட்சச வாள் ஒரு வீச்சு, இரண்டு வீச்சு, மூன்றாவது வீச்சோடு அவர் ஆளுக்கு மூச்சு தீர்ந்துவிடும். மூன்று எண்ணும்வரை சிலையாக நிற்பான். இத்தனை வருஷத்தில் அத்தான் அதைக் கவனித்ததே இல்லை. ஒரே அடியில் எல்லாரும் செத்துவிடுவதால் கவனிக்கத் தேவையும் வரவில்லை.

அதனால் நான் கனமான இரும்புக் கவசத்தைக் கழற்றிப் போட்டேன். லேசான தோல் அங்கி, மூச்சு சீக்கிரம் திரும்பும் ஒரு மோதிரம், வழுக்கித் தப்பிக்க நல்ல ஜோடி காலணி. கல்லையெல்லாம் இவற்றில்தான் போட்டேன். கோயிலில் பங்குச் சாமியார் மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்த ஞாயிறன்று, நான் காலணிக்கு இன்னும் இரண்டு படி ஏற்றினால் எடை எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோதும் இதைச் சொல்லவில்லை. இன்னும் செய்யாத பாவத்தை எப்படிச் சொல்வது?

ஈஸ்டர் மதியம் பிரியாணி. நாற்பது நாள் கறி காணாத அத்தான் மூன்று தட்டு தள்ளினார். எனக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தம்பி சோபாவில் சாய்ந்தான், அக்கா துடைத்த கையோடு வந்து நின்றாள். இரண்டு பேர் மோதும் கோதாவில் அத்தானின் இரும்பு மலையும் என் பழுப்புப் போர்வையும் எதிரெதிரே நின்றன.

"மறுபடியும் குச்சியா? நான் குடுத்த வாள் எங்கம்மா?"

"பெட்டில பத்திரமா இருக்கு அத்தான்."

முதல் வீச்சு, விலகினேன். இரண்டாவது, விலகினேன். மூன்றாவது தரையில் இறங்கியது, அவர் ஆள் சிலையானான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் குத்தினேன். தள்ளி நின்றேன். மறுபடியும் எண்ணினேன். ஏழாவது சுற்றில் இரும்பு மலை முட்டி போட்டு, தள்ளாடி, பின்பக்கமாகச் சரிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் அனுபவித்ததில்லை.

"நாப்பது நாளா கை தொடலல்ல, அதான்" என்றார். இரண்டாவது முறையும் தோற்றார். மூன்றாவது முறை தம்பி, "அண்ணா, செம அடி! குச்சிய வெச்சே பிரிச்சிட்டாங்க!" என்று அவரைப் பார்த்துச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அத்தானும் சிரித்து வைத்தார், காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு, தம்பியை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று ஜிஎஸ்டி ரோட்டுக்குக் கிளம்பினார்.

இத்தோடு நான் எழுந்து போயிருந்தால் நல்ல பெண். போகவில்லை. அவருடைய வரிசையைத் திறந்தேன். இரண்டாவது சுற்று ஆடுகிறவர். ஐந்து கருங்கல் சேர்த்து வைத்திருந்தார். கொல்லனிடம் போனேன். ராட்சச வாளை உருக்கட்டுமா என்றான். நிச்சயமா? ஆமாம். நிச்சயமா? ஆமாம். ஆட்டத்தின் முதல் நிமிஷத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பார்களே ஓர் உருட்டுக்கட்டை, அதில் ஐந்து கருங்கல்லையும் போட்டு உச்சிவரை ஏற்றினேன்.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"அந்த வாள் உங்களுக்கு ரொம்பக் கனம் அத்தான். மூச்சு வாங்குது. இது லேசா இருக்கும். உங்க நல்லதுக்குத்தான்."

கன்ட்ரோலரை வாங்கி, வாளைத் தேடினார். கல்லைத் தேடினார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் சோபா விளிம்பில் உட்கார்ந்தார். அவரை அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததே இல்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

அக்கா கிச்சன் வாசலிலேயே நின்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஆமாம் அத்தான்," என்றேன். "கேட்டிருக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேசைமேல் கழுவிக் கவிழ்த்திருந்த மூன்றடுக்கு டப்பாவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய், நாற்பது நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் அவர் எதற்கும் கேட்கிறார். ரூமில் ஃபேனை மாற்றுவதற்குக்கூடக் கதவைத் தட்டி, "மாத்தட்டுமாம்மா?" என்று நிற்கிறார். அந்த ஃபேன் கடகடவென்று ஓடுகிறது, எனக்குத் தூக்கமே வருவதில்லை. ஆனாலும் முதல் தடவை நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அவர் இரண்டாவது தடவையும் கேட்க வேண்டும்.