முப்பதடிச் சாலையை ஆட்சேபித்தவர்

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் தரைமட்டம் அளந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. கொடைக்கானலிலிருந்து இறங்கிய பஸ்ஸின் கண்டக்டர், வண்டி நிற்பதற்கு முன்பே படியில் தொங்கியபடி கூவினார்: "சார், நம்ம நர்சம்மா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம். இன்னைக்கு மதியம் அடக்கம். வெரசா ஏறுனீங்கன்னா முகம் பாக்கலாம்."

நான் உடனே ஏறவில்லை. மிச்சமிருந்த அளவுகளை முடித்துவிட்டுத்தான் ஏறினேன். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் மூடியாகிவிட்டது, ஆட்களும் கலைந்துவிட்டார்கள். அன்று என்னைக் காணாதவர்கள் பலவிதமாகப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பேசியதில் தப்பில்லை.

நகராட்சி பிரசவ விடுதியின் மருத்துவச்சி சலேத்தம்மாளைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருடைய பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். உங்களுக்கு அவர் நர்சம்மா. எனக்கு அவர் எதிர்க்கட்சி.

ஐம்பத்தொன்பதாம் வருடம், சென்னையில் நகரமைப்புப் படித்து முடித்த கையோடு இங்கே கொடைக்கானல் நகராட்சியில் வேலைக்கு வந்தேன். பட்டணத்தின் விளிம்பில் வயல்கள் மனைகளாவதைப் பார்த்துப் பார்த்து, எதைச் செய்யக் கூடாது என்று கற்றவன் நான். நீர்வரும் வழியில் வீடு கட்டக் கூடாது. சாலையைப் பிற்பாடு அகலப்படுத்த முடியாது. முதலிலேயே அகலமாக விட்டுவிட வேண்டும். இந்த ஞானத்தோடு மலை ஏறியவனுக்கு முதல் வேலையாகக் கிடைத்தது, பஜாருக்குப் பின்னால் நெருக்கியடித்துக் கிடந்த குடிசைகளுக்குப் பதிலாக ஊருக்கு வெளியே ஒரு புதுக் குடியிருப்பு. சுமை தூக்குகிறவர்கள், விறகு விற்கிறவர்கள், தெருக்கூட்டுகிறவர்கள் குடியேற வேண்டிய இடம். மேலே சோலைக்காட்டைத் தொடக் கூடாது. ஊர் குடிக்கும் தண்ணீர் அங்கேதான் ஊறுகிறது. ஆகவே பள்ளங்கி கிராமத்துக்குப் போகும் வழியில், கீழே, நல்ல சமதளமாகப் பார்த்துக் குறித்தேன். திட்டத்தை நோட்டீஸ் பலகையில் ஒட்டினோம். வந்தது ஒரே ஒரு ஆட்சேப மனு. அரைத் தாளில் இரண்டு வாக்கியங்கள்: "கீழே போய்விடலாம். மேலே வருவது எப்படி?"

மனுவுக்குப் பின்னாலேயே சலேத்தம்மாளும் வந்தார். ஈரக் குடையை என் மேஜைமேல் வைத்தார்.

"குடையை வெளியே வையுங்க. பிளான் நனையுது."

"நனையட்டும். எத்தனை தூரம்னு போட்டிருக்கீங்க?"

"ஒரு மைல், ரெண்டு பர்லாங்கு."

"போகவா, வரவா?"

"ரெண்டும் ஒண்ணுதானே!"

அறை அதிரச் சிரித்தார். "மெட்ராஸ்ல ரோடு படுத்துக் கெடக்கும் தம்பி. இங்க எந்திரிச்சு நிக்குது."

அந்தச் சனிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு போனார். கூட விறகு விற்கும் காளியம்மா. ஏழு மாதம் அவளுக்கு. இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. விறகுக் கட்டோடு ஏற ஒரு மணி நேரம் தாண்டியது. நான் வளைவுக்கு வளைவு நின்று நேரம் குறித்தேன்.

"கடியாரத்தையே பாத்துக்கிட்டு வர்றீங்களே சார், இந்தக் கட்டைக் கொஞ்சம் வாங்கிக்கங்க. உங்க கடியாரமும் மெதுவா ஓடும்" என்றாள் காளியம்மா.

"விடுடி. தம்பிக்கு வெறுங்கையோடயே மூச்சு வாங்குது, பதில் சொல்ல வராது" என்றார் சலேத்தம்மாள். பிறகு என்னிடம், "வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு ஏறப்போறது நானில்ல, இவ. அதை மட்டும் குறிச்சுக்கங்க" என்றார்.

குறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் வரைபடங்களில் ஒவ்வொரு வழிக்கும் இரண்டு எண்கள் உண்டு: இறங்க ஒன்று, ஏற ஒன்று. மேலதிகாரிகள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நான் அழிக்கவில்லை.

பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டு வேறு இடம் தேடினேன். பஜாருக்குச் சற்றுக் கீழே, கைவிடப்பட்ட ஒரு பேரிக்காய்த் தோட்டம் சரிவில் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏறப் பத்தே நிமிடம். சோலைக்கும் பங்கமில்லை. சரிவைப் படிப்படியாக வெட்டி மனைகள் போட்டேன். ஆனால் எல்லாருக்கும் இடம் போதவில்லை. பன்னிரண்டு குடும்பங்கள் மிஞ்சின. அவர்களுக்கு மட்டும் கீழே அந்தச் சமதளம் என்று எழுதினேன். காளியம்மா வீடும் அதில் ஒன்று.

சலேத்தம்மாள் வரைபடத்தைப் பார்த்தார். நடுவே போன சாலையில் விரலை வைத்தார்.

"இது என்ன தம்பி, இத்தாம் பெருசா?"

"முப்பதடி ரோடு."

"எந்தக் காருக்கு?"

"இப்ப இல்ல. பின்னால வரும்."

"பின்னால வர்ற காருக்கு எடம் இருக்கு. இன்னைக்கு இருக்குற பன்னெண்டு குடும்பத்துக்கு எடம் இல்ல. ஒரு நடைபாதை போதாதா?"

"விதி அப்படி, நர்சம்மா."

"யாரு விதி? அந்தப் பன்னெண்டு பேரு விதியா?"

நான் வரைபடத்தைச் சுருட்டினேன். எனக்குக் கணக்குத் தெரியும். சாலையைப் பத்தடியாக்கினால் பன்னிரண்டு மனைகளும் அங்கேயே அடங்கும். அவர் கேட்ட மாத்திரத்தில் மனத்துக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் படித்ததை ஒரு மருத்துவச்சி சொல்லி மாற்றுவதா என்று இருந்தது. இதுதான் உண்மை. நகராட்சி மன்றத்தில் திட்டம் வந்தபோது, உறுப்பினரான துணிக்கடை ராவுத்தர், "முப்பதடியா! நம்ம பஜாரே அவ்வளவு அகலம் இல்லையே!" என்று மகிழ்ந்துபோய்க் கை தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

பன்னிரண்டு குடும்பங்கள் கீழே போயின. அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த தன் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சலேத்தம்மாளும் கீழே ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். முட்டாள்தனம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"என்னையக் கூப்பிட ஒருத்தன் மேல ஏறி வந்து, நான் எறங்கிப் போறதுக்குள்ள பிள்ளை நடக்க ஆரம்பிச்சிரும். கீழ இருந்தா கதவைத் தட்டினாப் போதும்" என்றார். தினமும் வேலைக்கு ஏறி வந்தார். மழையிலும் ஏறி வந்தார்.

எனக்கு இந்த ஊரில் சிநேகிதர்கள் இல்லை. காரணம் என் வாய்தான். மூன்று மணிக்கே மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துவிடும் நாட்களில், சோலி ஒன்றும் இல்லாமல் என் அறைக்கு வந்து உட்கார்ந்தவர் அவர் ஒருவரே. அவரும் தனி ஆள். இரண்டு பேரும் பேசுவோம் என்று சொல்ல முடியாது, சண்டை போடுவோம். கடைசி இரண்டு வருடங்களில் உட்கார்ந்த பிறகு அவருக்குப் பேச்சு வர நேரம் பிடித்தது. கைக்குட்டையை வாயில் வைத்தபடி இருப்பார். "ஏற எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்கதான் பிளான்லயே போட்டிருக்கீங்களே, பாத்துக்கங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் அப்புறம் கேட்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம், ராத்திரி வேலைக்கு ஏறும்போது, நாலாவது வளைவில் சாலையோரக் கல்லில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாராம். அவர் இளைப்பாறுகிறார் என்று நினைத்த காய்கறி லாரிக்காரர் ஹாரன் அடித்து, "ஏறிக்கங்க நர்சம்மா" என்றாராம். மாரடைப்பு என்றார் டாக்டர். இருக்கலாம். அந்தச் சரிவின் அளவு எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த முப்பதடிச் சாலையில் போய் நின்றேன். துணி காய்கிறது. யாரோ கன்றுக்குட்டியைக் கட்டியிருக்கிறார்கள். குடியிருப்பு உண்டான நாள்முதல் அதில் ஒரு கார் வரவில்லை என்றார்கள்.

சாலையைப் பத்தடியாகக் குறைத்து, பன்னிரண்டு மனைகளையும் சேர்த்துப் புதிதாக வரைந்திருக்கிறேன். அடுத்த மாத மன்றக் கூட்டத்தில் வருகிறது. உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, அந்தச் சாலை என் பிழை என்று சொன்னேன். "இப்பச் சொல்றீங்களே சார், அந்த அம்மா இருக்கும்போது சொல்லியிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருக்கும்!" என்றார் ராவுத்தர்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த வழக்கு ஒன்றுதான். பேசத் தெரிந்தவரிடமிருந்து பேசத் தெரியாதவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குக் கோபம் வரும், ஊரறிந்த சங்கதி. ஆகவே அவரை அறிந்த உங்களிடம் கேட்கிறேன். கூட்டத்தன்று வந்து பின்வரிசையில் உட்காருங்கள். யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. தனியாக நின்று எனக்குப் பழக்கம்தான். ஆனால் இதில் நான் தோற்கக் கூடாது.