சுவிட்சுப் பெட்டிக்குள் தேடிய கேமரா

காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டின் மூன்றாவது சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே என்னை வேவு பார்க்கும் கேமரா இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். எந்த ஓட்டைக்குள் எந்த லென்ஸ் பொருந்தும் என்று எனக்கா தெரியாது?

“என்ன தேடுறீக?” என்றாள் மனைவி வள்ளி.

“உனக்குத் தெரியாதாக்கும்?”

அவள் நீட்டிய காப்பியை முதலில் அவளையே குடிக்கச் சொன்னேன். குடித்தாள். விழுங்கினாளா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினாள். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

முகூர்த்த மாதங்களில் காரைக்குடி, கண்டனூர், நெற்குப்பை என்று அடுத்தடுத்துக் கல்யாணங்கள். எடிட்டிங் ஆளைத் தின்றுவிடும். உடன் வேலை பார்த்தவர் கொடுத்த மெத்தம்பெட்டமினை (மூளையையும் உடலையும் செயற்கையாக முடுக்கும் போதைப்பொருள்) முதலில் எப்போதாவது எடுத்தேன். பிறகு தினமும். மூன்று நாள் தூங்காமலிருப்பதைத் திறமை என்று நம்பினேன்.

“பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக மாட்டேன். மனநல டாக்டர்ட்டதான் போறோம். வாரீகளா?” என்றாள் வள்ளி அன்று. மறைக்காமல் சொன்னதால்தான் காரில் ஏறினேன்.

எவ்வளவு எடுத்தேன், எத்தனை நாள் தூங்கவில்லை, கஞ்சாவும் உண்டா என்றெல்லாம் மருத்துவர் கேட்டார். கல்லூரியில் தொடங்கிய கஞ்சாவை ஒப்புக்கொண்டேன். கடைசியாக, “குடும்பத்துல யாருக்காவது இப்படி வந்திருக்கா?” என்றார்.

“எங்க வீட்ல அப்படி யாருமில்லைங்க” என்றார் உடன் வந்திருந்த அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. என் சந்தேகங்களில் அது ஒன்றுதான் உண்மை.

உள்நோயாளியாகச் சேர்த்த ஆறாம் நாள் அம்மா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

“உங்க சித்தப்பா வேலைக்குப் போன எடத்துல காணாமப் போயிட்டாருன்னு சொன்னேன்ல. அப்படியில்லய்யா. சோத்துல வெசம் வச்சிருக்கோம்னு சொல்லிச் சொல்லியே வீட்ட விட்டுப் போனாரு. உனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாகன்னு மறச்சுட்டேன்.”

வள்ளி அங்கேதான் நின்றாள். “டாக்டர்ட்டயாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு வந்தது சைக்கோசிஸ் (இல்லாததை உண்மையென்று மனம் உறுதியாக நம்பும் நிலை). இந்தப் போதைப்பொருள் எடுக்கும் யாருக்கும் இது வரலாம் என்றார் மருத்துவர். ரத்த உறவில் யாருக்காவது இருந்தால், சிறு வயதிலேயே பழகியிருந்தால், அடிக்கடி அதிகமாக எடுத்தால், கஞ்சாவும் தூக்கமின்மையும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். ஒருமுறை வந்தவருக்குப் பிறகு கொஞ்சம் எடுத்தாலே திரும்பலாம்.

சித்தப்பாவைப் பற்றித் தெரிந்திருந்தால் அந்தப் போதைப்பொருளைத் தொட்டிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரிடமாவது மறைக்காதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. மாத்திரையால் உடல் கனத்திருக்கிறது. படியேறி நெஞ்சு படபடத்தால், படியினாலா பயத்தினாலா என்று நின்று யோசிக்கிறேன். இப்போது நான் சந்தேகப்படுவது என்னைத்தான்.

நேற்றுக் கடைத்தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து வள்ளியிடம் சொன்னேன்.

“சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்கீக” என்றாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். விரல்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. நகரட்டும்.